வாட்ஸ்அப் கணக்கும் மின்னஞ்சல் முகவரியும்

வீட்டுக்குப் பூட்டு எவ்வளவு அவசியமோ, அதன் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்திருத்தலும் அவ்வளவு அவசியமாகும். பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்று குடிநீர் விநியோக நேரம், கிராம சபைக் கூட்டம், உரம் வந்து இறங்கிய செய்தி, கரும்பு வெட்டும் முறை ஆகிய யாவும் வாட்ஸ்அப் வழியாகவே வீடுகளை அடைகின்றன. முன்னர் தண்டோராவும் தபாலும் செய்த பணியை இன்று செல்போன் செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கின் மாற்றுச் சாவியாக விளங்கும் மின்னஞ்சல் முகவரி எது, அது யாருடையது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரிவதில்லை.

சென்ற பருவத்தில் நமது வட்டாரத்துக் கரும்பு விவசாயி ஒருவர் புதிய செல்போன் வாங்கினார். பழைய சிம்மை அதில் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தார். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கக் குறியீட்டையும் இட்டார். அதன் பின்னர் மற்றோர் இரகசிய எண் கேட்கப்பட்டது. அதை முன்பு அமைத்துக் கொடுத்தவர் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த இளைஞர். அவர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையே அதில் எழுதிவிட்டு, பின்னர் வெளிநாடு சென்றுவிட்டார். எண் மறந்துபோயிற்று, ஆளும் கிடைக்கவில்லை. விவசாயி ஏழு நாட்கள் காத்திருக்க நேர்ந்தது. அந்த நாட்களில்தான் வெட்டு ஆட்களின் மேஸ்திரி தமது குழுவில் முறைநாளை அறிவித்திருந்தார். ஆட்கள் அடுத்த வயலுக்குச் சென்றுவிட்டனர். முதிர்ந்த கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது.

“போன் என்னுது, நம்பரும் என்னுது. கடுதாசி மட்டும் வேற வீட்டுக்குப் போகுதே, ஐயா?” என்று அவர் நமது அலுவலகத்தில் வந்து கேட்டார். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடையாக எழுதப்படுவதாகும்.

மின்னஞ்சலின் வேலை என்ன?

வாட்ஸ்அப் கணக்கு செல்போன் எண்ணைக் கொண்டே அடையாளம் காணப்படுகிறது. அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடு முதல் பூட்டு. 2017-ஆம் ஆண்டு முதல் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்னும் இரண்டாம் பூட்டு அனைவருக்கும் வழங்கப்பட்டுள்ளது. இதற்குரிய ஆறு இலக்க இரகசிய எண்ணை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் மறந்துவிட்டால், அதை நீக்கும் வழி நாம் கொடுத்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்படும். முகவரியே கொடுக்காதவர் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். பிறருடைய முகவரியைக் கொடுத்தவர் நிலையும் ஏறக்குறைய அதுவே.

இதைத் தவிர, கணக்குப் பகுதியிலேயே மின்னஞ்சல் முகவரிக்கென மற்றோர் இடமும் உண்டு. குறுஞ்செய்தி கிடைக்காத சமயத்தில் கணக்கைத் திறக்க அது உதவும். இவ்விரு முகவரிகளும் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவை தனித்தனி இடங்கள் ஆதலால், இரண்டையும் பார்த்துத் திருத்த வேண்டும்.

மாற்றும் முறை

முதலாவதாக, நமக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். ஆண்ட்ராய்டு செல்போன் வைத்திருப்போரில் பெரும்பாலோருக்கு ஜிமெயில் முகவரி ஏற்கனவே இருக்கும். அம்முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, பட்டா முதலிய பத்திரங்களுடன் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவதாக, வாட்ஸ்அப்பில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, கணக்கு என்பதையும், அதனுள் இருபடிச் சரிபார்ப்பு என்பதையும் திறக்க வேண்டும். அங்கே மின்னஞ்சலை மாற்றுவதற்கான வரி இருக்கும். அதைத் தொட்டுப் புதிய முகவரியை இட்டுச் சேமிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் கடிதம் வந்து சேராது. ஆகவே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் அவசியம்.

மூன்றாவதாக, கணக்குப் பகுதிக்குத் திரும்பி, மின்னஞ்சல் முகவரி என்ற வரியைத் திறந்து அங்கும் புதிய முகவரியை இட வேண்டும். அம்முகவரிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதைப் பார்த்து வாட்ஸ்அப்பில் இட்டால் மாற்றம் உறுதியாகும்.

இவற்றைக் கணக்கு நம் கையில் திறந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். மண் ஈரமாக உள்ளபோதே வடிவத்தைத் திருத்த வேண்டும், சூளையில் வெந்தபின் திருத்த இயலாது என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் நன்கு அறிவர். கணக்கு பூட்டிக்கொண்ட பின் முகவரியை மாற்ற முயல்வதும் அது போன்றதே.

எண் மாறினால்

மின்னஞ்சலை மாற்றுவது வேறு, செல்போன் எண்ணை மாற்றுவது வேறு. கைவிடப்பட்ட எண் குறைந்தது 90 நாட்கள் கழிந்த பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பது 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில் எடுத்துரைக்கப்பட்டது. ஆகவே, சிம்மை மாற்றுவோர் கணக்குப் பகுதியிலுள்ள ‘எண்ணை மாற்று’ என்ற வசதியின் மூலம் கணக்கைப் புதிய எண்ணுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பழைய எண்ணில் கணக்கை அப்படியே விட்டுவிடலாகாது.

ஊராட்சிப் பணியில்

கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் நிறைவுற்றது. அத்தகைய தருணங்களில் பதிவேடுகளையும் சாவிகளையும் ஒப்படைக்கும் முறை நமக்குப் பழக்கமானதே. அந்தப் பட்டியலில் பொதுப் பணிக்கான செல்போனையும், அதன் இரகசிய எண்ணையும், மின்னஞ்சல் முகவரியையும் சேர்க்க வேண்டும். பொறுப்பேற்பவர் அன்றே இரகசிய எண்ணையும் முகவரியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழையவர் மீதுள்ள ஐயத்தால் அல்ல. குழாய் பழுதான நாளில் ஊருக்குச் செய்தி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே.

எச்சரிக்கை

குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டையும் இரகசிய எண்ணையும் எவருக்கும் சொல்லலாகாது. உறவினர் பெயரில் கேட்டாலும், அதிகாரி பெயரில் கேட்டாலும் மறுக்க வேண்டும். நாம் கேளாமலே இரகசிய எண்ணை நீக்கும் கடிதம் மின்னஞ்சலில் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடலாகாது. வேறு யாரோ நம் கணக்கைத் திறக்க முயல்கிறார் என்பதற்கு அது அறிகுறியாகலாம். இவ்வழியில் பணம் பறிபோயிருப்பின், உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது கால் மணி நேர வேலை. பிள்ளைகளின் உதவியைப் பெறுவதில் தவறில்லை. ஆயினும் எழுதப்படும் முகவரி கணக்குக்கு உரியவருடையதாகவே இருக்க வேண்டும். மேலே கூறிய விவசாயி இப்போது தமது முகவரியையும் இரகசிய எண்ணையும் கரும்புக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துள்ளார். அடுத்த பருவம் தொடங்குமுன் நாமும் அவ்வாறே செய்வோமாக.