வரியைச் சேர்ப்பதும் பிரிப்பதும்

மகாராஷ்டிரத்தில் 2005 ஏப்ரல் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி, அதாவது 'வாட்', நடைமுறையில் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. அதன் இடத்தைப் பிடித்தது. பெயர் மாறினாலும் விலையோடு வரியைச் சேர்க்கும் கணக்கு மாறவில்லை. மும்பையில் கடை வைத்திருக்கும், காண்டிராக்ட் வேலை எடுக்கும் நம் குடும்பத்தினருக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேர்ப்பது. ஒரு மின்விசிறியின் அடிப்படை விலை ரூ. 2,400, வரி 18 சதவீதம். மனக்கணக்காகவே போடலாம். 10 சதவீதம் 240. 20 சதவீதம் 480. அதில் 2 சதவீதமான 48-ஐக் கழித்தால் 432. ஆக மொத்தம் ரூ. 2,832. அடிப்படை விலையை 1.18-ஆல் பெருக்கினாலும் இதே விடைதான்.

மும்பைக் கடையில் வாங்கினால் பில்லில் மத்திய வரி 216, மாநில வரி 216 என்று இரண்டு வரிகளாக இருக்கும். சென்னையிலிருந்து தருவித்தால் ஐ.ஜி.எஸ்.டி. 432 என்று ஒரே வரியாக வரும். மொத்தம் ஒன்றே.

அடுத்தது பிரிப்பது. பலர் தடுமாறுவது இங்கேதான். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற இளைஞர் ஒருவர், வரி உட்பட ரூ. 50,000-க்கு வயரிங் வேலை ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 50,000-இல் 18 சதவீதம் 9,000. எனவே தன் பங்கு 41,000 என்று அவர் பில் போட்டால் என்ன ஆகும்? 41,000-க்கு வரி 7,380, மொத்தம் 48,380. பேசிய தொகையில் ரூ. 1,620 குறைகிறது!

காரணம் எளிது. 18 சதவீதம் என்பது அடிப்படை விலைக்குத்தானே தவிர, மொத்தத் தொகைக்கு அல்ல. அடிப்படை 100 என்றால் மொத்தம் 118. ஆகவே மொத்தத்தை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 50,000-க்கு இது ரூ. 42,372.88, வரி ரூ. 7,627.12. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 50,000 வரும்.

ரயில்வேயில் டெண்டர்களைப் பார்த்த நாட்களில், விலையைப் படிக்குமுன் 'வரி உட்பட'வா, 'வரி தனி'யா என்றுதான் நான் தேடுவேன். கொட்டேஷன் கொடுக்கும் நம் பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லை எழுத்தில் போட்டுவிட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால், வரி நம் கூலியிலிருந்துதான் போகும்.

வாங்குவோருக்கும் ஒன்று: பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் அடங்கிய விலை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி: வரி உட்பட விலை ரூ. 3,540, வரி 18 சதவீதம். அடிப்படை விலை என்ன? (விடை: ரூ. 3,000)