வரி கட்டி மீண்ட கடைவீதி

கேள்வி: வெளிநாடுகளில் வியாபாரிகளே கூடுதல் வரி கட்டித் தங்கள் கடைவீதியைச் சீரமைக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1970-இல் கனடாவின் டொராண்டோ நகரில், புளோர் வெஸ்ட் வில்லேஜ் கடைவீதியில்தான் இது முதன்முதலில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 1968-இல் அங்கே டிராம் போய்ச் சுரங்க ரயில் வந்திருந்தது. கடைகளைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்த கூட்டம் பூமிக்கடியில் போய்விட்டது. மால்களின் போட்டி வேறு.

வீதியைச் சீரமைக்கச் சங்கம் வைத்துச் சந்தா கேட்டால் பலர் நழுவிவிடுவார்கள். பலன் மட்டும் எல்லாருக்கும் போகும். ஆகவே மாநகராட்சியே தன் வரியோடு சேர்த்து அந்த வீதியின் வியாபாரிகள் எல்லாரிடமும் வசூலித்து, அந்தப் பணத்தை வியாபாரிகளின் குழுவிடம் கொடுத்தது. விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, விளம்பரம் எனச் செலவழித்தார்கள். வீதி மீண்டது. இன்று டொராண்டோவில் மட்டும் இப்படி 80-க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உண்டு.

தெருவில் வசூலான பணம் அந்தத் தெருவுக்கே செலவாவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் வீதி அழகானால் வாடகையும் ஏறும். கட்டட உரிமையாளர் தன் பங்கு வரியைப் பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான் கட்டுவார். வாடகைக்கு இருக்கும் சின்னக் கடைக்காரருக்கும் குழுவில் வாக்கு இருந்தால் மட்டுமே இத்திட்டத்தை ஆதரிப்பேன்.