ஆர்ம்பேண்ட் கட்டிய தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மாவட்ட அணிக்கு உன்னைக் கேப்டனாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் மகிழ்ச்சி, அடுத்த நிமிடமே கொஞ்சம் கவலை. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உன் இடது காலுக்குப் பந்து வந்துவிட்டால் மூன்று பேர் சேர்ந்தாலும் பிடுங்க முடியாது என்பது நம் மைதானத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். கவலை எதற்கென்றால், நம்மிடையே பெரும்பாலும் நன்றாக ஆடுகிறவருக்குப் பரிசு மாதிரி ஆர்ம்பேண்டைக் கட்டிவிடுகிறார்கள். நிறைய கோல் போட்டாயா, நீதான் கேப்டன். அதைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று அதன் பிறகு யாரும் சொல்லித் தருவதில்லை. உன்னைப் போல் புதிதாகக் கேப்டனான மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர்: 1958, 1962, 1970. அந்த மூன்று முறையும் கேப்டனாகக் கோப்பையை வாங்கியது அவர் இல்லை. பெல்லினி, மௌரோ, கார்லோஸ் ஆல்பெர்த்தோ என்று மூன்று தனித்தனி ஆட்கள் வாங்கினார்கள். மூவரும் டிஃபென்ஸில் ஆடியவர்கள். பெலே மாதிரி ஒருவர் இருந்த அணியே கேப்டன் வேலைக்கு வேறு ஆளைத் தேடியிருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய குணம் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது என்ன குணம்? 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே ஓடுகிற நேரம் சுமார் 55 முதல் 60 நிமிடம். அதிலும் ஒரு தனி ஆட்டக்காரரின் காலடியில் பந்து இருப்பது இரண்டு, மூன்று நிமிடம்தான். உன் திறமையை ஊர் பார்ப்பது அந்த இரண்டு, மூன்று நிமிடத்தில். மீதி நேரம் முழுவதும், அதுவும் பந்து நின்றுபோன நேரத்தில், நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் கேப்டன் இருக்கிறாள். நான் படித்த, பார்த்த பெரிய கேப்டன்களில் பலரை நினைத்தால், முதலில் ஞாபகத்துக்கு வருவது ஆட்டம் நின்றிருந்த நிமிடங்கள்தான்.

1950 ஜூலை 16-ஐ எடுத்துக்கொள். ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலுக்கும் உருகுவேக்கும். டிரா ஆனாலே கோப்பை பிரேசிலுக்கு. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவைத்து எடுத்திருந்த அணி அது. உருகுவே அதே ஸ்பெயினோடு டிரா செய்து, ஸ்வீடனை 3-2 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்து வந்திருந்தது. பயிற்சியாளர் யுவான் லோபஸ் பின்னால் நின்று தடுத்து ஆடச் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் கேப்டன் ஒப்துலியோ வரேலா எழுந்தார். லோபஸ் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொல்கிறபடி ஆடினால் ஸ்வீடனுக்கும் ஸ்பெயினுக்கும் நேர்ந்ததுதான் நமக்கும் நேரும் என்றார்.

இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடமே பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட்டுவிட்டார். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் கூடியிருந்த மைதானம் அது. அந்தச் சத்தத்தில் பதினொரு பேர் உருகிப் போயிருக்கலாம். பொதுவாகக் கோல் வாங்கிய அணி என்ன செய்யும்? பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடும், அவசரமாக ஆடத் தொடங்கும், அடுத்த கோலையும் வாங்கும். வரேலா ஓடவில்லை. வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லைன்ஸ்மேனிடம் நடந்து போனார். பிறகு நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போய், அது ஆஃப்சைடு என்று வாதாடினார். நடுவர் இங்கிலாந்துக்காரர், வரேலா பேசியது ஸ்பானிஷ். மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டம் இவரைத் திட்டத் தொடங்கியது, பிறகு அலுத்துப்போய் அடங்கியது. கோலை ரத்து செய்ய மாட்டார்கள் என்பது வரேலாவுக்குத் தெரியும். ஆட்டத்தின் சூட்டைத் தணிப்பதுதான் நோக்கமாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தின் கோபம் முழுவதும் ஒரே ஒரு ஆள் மீது விழுந்தது. மற்றப் பத்துப் பேரும் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். 66-வது நிமிடம் ஸ்கியாஃபினோ, 79-வது நிமிடம் கிஜ்ஜியா. உருகுவே 2-1. இரண்டு கோலும் வரேலா போட்டதில்லை. அணியின் மிக நுட்பமான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் ஸ்கியாஃபினோவைத்தான் சொல்வேன். ஆனால் இன்றைக்கும் மான்டிவிடியோவில் அந்த வெற்றியை வரேலாவின் பெயரால்தான் நினைக்கிறார்கள். அன்றிரவு அவர் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ரியோவின் மதுக்கடைகளுக்குப் போய், அழுதுகொண்டிருந்த பிரேசில்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். தோற்றவர்களின் துக்கம் அவருக்குத் தாங்கவில்லை. தன்னோடு நிற்பவர்களின் மனநிலையைப் படிக்கிற கண், எதிரில் நிற்பவர்களுக்காகவும் திறந்துதான் இருக்கும்.

எட்டு வருடம் கழித்து, 1958 இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் நான்காவது நிமிடமே கோல் போட்டபோது, பிரேசிலின் டிடி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் நடுவட்டத்துக்கு நடந்து வந்தார். பிரேசில் 5-2 என்று ஜெயித்தது. டிடி அன்று கேப்டன் இல்லை என்பதையும் சேர்த்துக் கவனி. உன் அணியிலும் ஆர்ம்பேண்ட் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவள் ஒருத்தி இருப்பாள். அவளைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள், போட்டியாக நினைக்காதே.

இனி உன்னிடம் நேராகவே ஒன்றைச் சொல்கிறேன். போன ஆட்டத்தில் உனக்கு வர வேண்டிய பாஸ் இரண்டு கெஜம் தள்ளிப் போனபோது, நீ அங்கேயே நின்று இரண்டு கையையும் விரித்தாய், முகத்தை வானத்துக்குத் தூக்கினாய். அந்தப் பாஸைக் கொடுத்தவள் நம் வலது பேக். பதினைந்து வயது, அணிக்குப் புதிது. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் உன் பக்கம் ஒரு பந்துகூட அனுப்பவில்லை. கவனித்தாயா? நீ வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் மைதானத்தில் அத்தனை பேர் முன்னாலும் ‘இவளால்தான் போயிற்று’ என்று கையாலேயே சொல்லிவிட்டாய். நன்றாக ஆடுகிறவர்களிடம் அதிகம் தென்படுகிற பழக்கம் இது. அவர்கள் கண்ணுக்கு அந்தப் பாஸ் அவ்வளவு சுலபமானது, அதனால் வருகிற எரிச்சல். கேப்டனுக்கு அந்த எரிச்சலை வெளியில் காட்டும் உரிமை கிடையாது. அடுத்த முறை கைதட்டிவிட்டு ‘நல்ல ஐடியா, இன்னொரு தடவை போடு’ என்று கத்து. அவள் மறுபடியும் போடுவாள்.

அதேபோல ‘மேன் ஆன்’ என்றும் ‘டைம் இருக்கு, திரும்பு’ என்றும் நாம் கத்துகிறோமே, அதை நீ உனக்குப் பந்து வேண்டும் என்கிறபோது மட்டும் கத்துகிறாய். பின்னால் ஆள் வருவது தெரியாமல் பந்து வாங்குகிறவளுக்கு உன் கண்ணைக் கடன் கொடுப்பதுதான் அந்தக் குரல். தினமும் பயிற்சியில், பந்து உன்னிடம் வராது என்று தெரிந்த இடத்திலும் அதைக் கொடு.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் நடந்ததை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். யூரோ கோப்பையில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும். முதல் பாதி முடியும் தறுவாயில் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமல் சரிந்து விழுந்தார். இதயம் நின்றிருந்தது. கேப்டன் சிமோன் கியேர் ஓடிவந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், மருத்துவக் குழு வந்ததும் இடம் விட்டார். பிறகு ஆட்டக்காரர்கள் எல்லோரும் எரிக்சனைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நின்றார்கள். உயிருக்குப் போராடும் தோழனைக் கேமராக்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக. எரிக்சனின் துணைவி மைதானத்துக்குள் ஓடிவந்தபோது கியேரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் அவரைப் பிடித்துத் தேற்றினார்கள். எரிக்சனுக்கு நினைவு திரும்பிய செய்தி வந்த பிறகு அன்று மாலையே ஆட்டம் தொடர்ந்தது. டென்மார்க் 0-1 என்று தோற்றது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதற்கு நடுவே நடந்தது: கியேர் முயன்று பார்த்தார், முடியவில்லை, 63-வது நிமிடம் வெளியே வந்துவிட்டார். எரிக்சன் அவருடைய நெருங்கிய நண்பர். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் தலைமை என்று நினைக்கிறவர்கள் அந்த 63-வது நிமிடத்தை யோசிக்க வேண்டும். செய்ய வேண்டியது அத்தனையும் செய்துவிட்டு, இனி என்னால் ஆகாது என்று சொன்னவரை அந்த அணி குறைவாக நினைக்கவில்லை. அரையிறுதிவரை அவர் தலைமையில்தான் போனார்கள்.

இதை உனக்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெண் பிள்ளை கேப்டனானால் ‘அழாதே, கல்லு மாதிரி இரு’ என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். அழுகையில் தப்பில்லை. 2014 உலகக் கோப்பையில் சிலியோடு பெனால்டி ஷூட்அவுட்டுக்கு முன்னால் பிரேசில் கேப்டன் தியாகோ சில்வா அழுதார், அதற்காக அவரை நாடே கிண்டல் செய்தது. அந்தக் கிண்டல் அநியாயம். ஆனால் அவர் கூட்டத்தை விட்டு விலகி, ஒரு பந்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. உலகத் தரமான டிஃபெண்டர். உதை போடப் போகிற ஐந்து பேருக்கு அந்த நிமிடம் அவர் பக்கத்தில் தேவைப்பட்டார். அழுவதானால் அவர்கள் நடுவில் நின்று அழு.

மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என் ஆட்டம் என்னாவது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஜப்பான் பெண்கள் அணியின் ஹோமாரே சாவா அதற்குப் பதில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் சக ஆட்டக்காரர்களிடம், கஷ்டமாக இருக்கும்போது என் முதுகைப் பாருங்கள் என்று சொன்னது ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடம் கழித்து, சுனாமி வந்து சில மாதங்களே ஆகியிருந்த 2011-ல், பிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்காவோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் 1-2 என்று பின்தங்கி, 117-வது நிமிடம் ஒரு கார்னர் கிடைத்தது. அயா மியாமா போட்ட அந்தப் பந்துக்கு, கால் ஓய்ந்துபோன நேரத்தில், 32 வயது சாவா முதல் ஆளாக அருகிலிருந்த போஸ்ட்டுக்கு ஓடி, வலது காலின் வெளிப்பக்கத்தால் தட்டிவிட்டார். கோல். பெனால்டியில் ஜப்பான் ஜெயித்தது. கடைசி உதையைப் போட்டவர் 20 வயது சாகி குமகாய். பின்னாளில் மியாமாவும் குமகாயும் ஜப்பானின் கேப்டன்களானார்கள். ஆக, உன் ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மற்றவர்கள் நம்பி ஓடுவதற்கு உன் ஓட்டம் வேண்டும். பயிற்சியைக் குறைத்தால் நீ சொல்கிற எந்த வார்த்தைக்கும் மதிப்பிருக்காது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீனையும் இதில் சேர்க்க வேண்டும். 1999 ஏப்ரலில் டூரினில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், யுவெண்டஸ் 11 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்ட பிறகு, கார்னரில் தலையால் முட்டி ஒரு கோலைத் திருப்பினார். சற்று நேரத்தில் மஞ்சள் அட்டை வாங்கினார், இறுதி ஆட்டம் தனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆடினாரே, அந்த ஆட்டத்தைத் தேடிப் பார். தான் போக முடியாத இடத்துக்கு அணியைக் கொண்டு சேர்த்தார். அதே கீன் 2002 உலகக் கோப்பைக்கு முன்னால், பயிற்சி வசதிகள் மோசம் என்ற சண்டையில் அயர்லாந்து அணியை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது. அவர் புகாரில் நியாயம் இருந்தது. இருந்தும் உலகக் கோப்பையில் அணி தன் கேப்டனான அவர் இல்லாமல் ஆடியது. உனக்கும் மைதானத்தில் தண்ணீர் இல்லை, ஜெர்சி வரவில்லை என்று சண்டை போட வேண்டிய நாள் வரும். கட்டாயம் போடு. ஆனால் போடும்போது பின்னால் எத்தனை பேர் உன்னோடு நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்.

ஆட்ட விதிகளின்படி கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. நடுவர் தப்பான ஃபவுல் கொடுத்தால் நீ ஒருத்தி மட்டும் போ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள், மற்றவர்களைக் கிட்டே விடாதே.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் ஆட்டம். டாஸ் போடப் போகும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ. இரவு எனக்கு போன் பண்ணும்போது, நீ எத்தனை கோல் போட்டாய் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். நம் வலது பேக் எப்படி ஆடினாள் என்று முதலில் சொல்.

அன்புடன்,
அக்கா