பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் அன்று விடியுமுன்னே, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு கூடும். வந்தவர் யார், வராதவர் யார், நேற்று மரத்தைக் காயப்படுத்தியவர் யார் என்பதெல்லாம் அத்தனை பேர் முன்னாலும் தெரிந்துவிடும். பட்டையில் ஒரு காயம் விழாமல் ஆண்டுக்கணக்கில் பால் வெட்டிய பெண்ணின் பெயர் அதற்காக அங்கே ஒலித்தது அரிது. 1896இல் டான் சே யான் என்ற தோட்ட முதலாளி மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பால் வெட்டியவர்களின் பெயர்கள் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டோடு போயின.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கா பத்து, சுங்கை ஊடாங், தஞ்சோங் கிளிங், பத்து பிரண்டாம் வட்டாரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். பலர் சூப்பர்வைசர்கள், லைன் லீடர்கள். ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் சின்னக் கூட்டம் இப்போது அவர்கள் கையில். அங்கேயும் பிழைகள்தாம் முதலில் வாசிக்கப்படுகின்றன என்றால், மாற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

"எல்லாரும் நல்லா செஞ்சீங்க" என்பதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. "நேற்று ராத்திரி மூன்றாம் மெஷினில் சத்தம் மாறியதைக் கவனித்து நிறுத்தச் சொன்னவர் இவர், அதனால்தான் இன்றைய சரக்கு தப்பியது" என்று சொல்லிப் பாருங்கள். செய்தவருக்குப் பெருமை, கேட்டவர்களுக்கு எது நல்ல வேலை என்ற தெளிவு. மறுநாளே சொல்லுங்கள். வருடாந்திர விருந்துவரை தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும்.

அரசு ஊழியர்களுக்கு ஏபிசி எனும் சிறந்த சேவை விருது தெரியும். ஒரு துறையில் சிலருக்கே சான்றிதழும் ரொக்கமும் கிடைக்கும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். இப்படிச் சிலருக்கு மட்டும் கொடுப்பது தவறா? இல்லை என்கிறது 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. மூன்று மணி நேர டேட்டா என்ட்ரி வேலைக்கு 300க்கும் மேற்பட்டோரை அமர்த்தி, சில குழுக்களில் எல்லாருக்கும், சில குழுக்களில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு மட்டும் நன்றி அட்டை கொடுத்தார்கள். சிறப்பாகச் செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்த குழுக்களில் வேலை அதிகம் உயர்ந்தது. உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் அட்டை கிடைக்காதவர்கள். ஆனால் அங்கே அளவுகோல் வேலை மட்டுமே. "இந்த வருஷம் இவர் முறை" என்ற பேச்சு எழுந்துவிட்டால் மேடை ஏறுபவருக்கே கூசும். ஏன் இவர் என்பதை இரண்டு வரியில் எல்லார் முன்னும் வாசியுங்கள்.

நம் ஆலைகளுக்கு இன்னும் நெருக்கமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சலவை ஆலை ஒன்று, தாமதமில்லாமல் வருவோருக்குப் பரிசு அறிவித்தது. தாமதமாக வந்தவர்கள் தகுதி கெடாமல் இருக்கும்வரை ஒழுங்காக வந்தார்கள். கெட்டதும் பழையபடி ஆனார்கள். அதைவிட மோசம், பரிசு இல்லாத காலத்திலேயே நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன் குறைந்தது. மொத்தத்தில் ஆலையின் உற்பத்தித்திறனே சரிந்தது. வருகைக்குப் பரிசு வைக்குமுன் இதை யோசியுங்கள். யாரும் கேளாமலே ஒழுங்காக இருப்பவரை நாம் பார்ப்பதே இல்லை. முதல் நன்றி அவருக்குத்தான் போக வேண்டும்.

நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் கண்ணுபடும் என்று நினைக்கும் அக்காமார் நம்மில் இருக்கிறார்கள். முதலில் தனியாகச் சம்மதம் கேளுங்கள். மலாய்க்காரர், சீனர், நேப்பாளி, வங்காளதேசி என எல்லாரும் நிற்கும் வரிசையில் மலாயிலேயே சொல்லுங்கள். தமிழருக்குத் தமிழில் சொல்லும் பாராட்டு மற்றவர் காதில் வேறாக விழும். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரை முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொண்டு, சரியாக உச்சரியுங்கள். காண்ட்ராக்டில் வரும் துப்புரவுத் தொழிலாளர்கள் உங்கள் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் தளத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம்.

கீழே இருப்பவர் சொன்ன யோசனையை மேலே இருப்பவர் தன்னுடையதாகப் பேசுவதுதான் இதில் மிகப் பெரிய அநியாயம். மலேசிய உற்பத்தித்திறன் கழகத்தின் மாநாடுகளில் சிறு குழுக்கள், தாங்கள் செய்த சீர்திருத்தத்தைத் தாங்களே மேடையில் விளக்குகின்றன. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. உங்கள் மேனேஜரிடமும் அப்படியே செய்யலாம்: யோசனை சொன்னவரை உடன் அழைத்துப் போய், அவரையே பேச வையுங்கள். முடியாவிட்டால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.

பாராட்டிக் கூட்டத்தில் சொன்னதையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டதையும் அன்றே நான்கு வரியில் எழுதி, தேதியோடு மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு நகலைப் பாராட்டப்பட்டவரிடமும் கொடுங்கள். டிசம்பரில் மதிப்பீட்டுப் பாரம் வரும்போது மார்ச் மாதத்தில் யார் என்ன செய்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. சம்பள உயர்வு பேசப்படுவது அப்போதுதான்.