லோரா கேட்வேயிலிருந்து இறங்கும் செய்தி பலவீனப்படுதலும் அதற்குப் பரிகாரங்களும்

வாலிகண்டபுரத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் சேர்ந்த மிராசுதாரர்கள் கிணற்று நீரின் அருமையை நன்கு அறிந்தவர்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் பெரம்பலூர் ஜில்லாவின் முக்கியப் பயிர்கள். இவற்றுள் சின்ன வெங்காயம் நீர் குறைந்தாலும் பொறாது; நீர் தேங்கினாலும் பொறாது. ஓர் இரவு முழுதும் வால்வு திறந்தே கிடந்தால் பாத்தியில் அழுகல் தோன்றும், கிணறும் வற்றும், வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் கருகிப்போகும். ஆகையால் தூரத்திலிருந்து மோட்டாரை இயக்கும் கருவிகளை அமைக்க விரும்புவோர், “ஓடு” என்னும் கட்டளையைவிட “நில்” என்னும் கட்டளை தவறாமல் போய்ச் சேருகிறதா என்பதையே முதலாவதாகக் கவனிக்க வேண்டும். அக்கட்டளை சேராமைக்குரிய காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறையையும் இவ்வியாசத்தில் விவரிப்போம்.

லோரா முறை இன்னதென்பது

லோரா என்பது குறைந்த சக்தியைக் கொண்டு சில மைல் தூரம் சிறு செய்திகளை அனுப்பும் கம்பியில்லா முறை. பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகரில் சைக்கிளியோ என்னும் கம்பெனி இதனை உருவாக்கிற்று; அக்கம்பெனியை 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. நம் தேசத்தில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைத் தனி உரிமமின்றி உபயோகிக்க 2005இல் விதி செய்யப்பட்டது; 2021இல் அவ்வெல்லை 868 வரை நீட்டப்பட்டது. உரிமம் வேண்டியதில்லையாயினும், வாங்கும் கருவி அரசாங்க அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்து வாங்குதல் அவசியம்.

வயலில் உள்ள சிறு கருவியை வயற்கருவி என்போம். அது மண்ணின் ஈரத்தையோ மோட்டாரின் நிலையையோ கேட்வேக்குத் தெரிவிப்பது ஏறுசெய்தி. கேட்வேயிலிருந்து வயற்கருவிக்குச் செல்லும் கட்டளை இறங்குசெய்தி. கேட்வேக்கு அப்பால், இன்டர்நெட் வழியாகச் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் கம்ப்யூட்டரைச் சர்வர் என்பர்.

அடிப்படையான ஒரு விதி

ஆகாய வழி இரு திசைகளுக்கும் ஒன்றே. இடையிலுள்ள மேடும், மரமும், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளமும் ஏறுசெய்தியை எவ்வளவு குறைக்குமோ அவ்வளவே இறங்குசெய்தியையும் குறைக்கும். ஆன்டெனாவும் அதன் கேபிளும் அவ்விதமே. ஆகவே இரண்டு செய்திகளும் ஒருங்கே பலவீனமாயிருந்தால் குற்றம் வழியில் உள்ளது. ஏறுசெய்தி நன்றாக வந்து, இறங்குசெய்தி மட்டும் பலவீனமானால் குற்றம் வழியில் இல்லை. இரு முனைகளில் ஒன்றில் உள்ளது.

கவலை இறைத்த காலத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். உருளையின் கிறீச்சொலிக்கு அருகில் நின்றவனுக்கு, தூரத்து வரப்பிலிருந்து கூப்பிடுபவரின் குரல் கேளாது. ஆனால் அவன் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். தூரம் இருவருக்கும் ஒன்றுதான். ஒன்று, கூப்பிடுபவரின் தொண்டை கம்மியிருக்க வேண்டும்; அல்லது கேட்பவனின் காதருகே இரைச்சல் இருக்க வேண்டும். இவ்விதியை மனத்திற் கொண்டால் வீணாகக் கம்பத்தை உயர்த்தியும், புது ஆன்டெனா வாங்கியும் பணத்தை விரயம் செய்ய நேராது.

இரண்டும் பலவீனமானால் பார்க்க வேண்டியவை

1. உயரம். பலத்தைக் கூட்டுவதினும் உயரத்தைக் கூட்டுவதே பெரும்பாலும் மேலானது. 2019இல் ஐரோப்பாவில் பலூனில் ஏற்றப்பட்ட ஒரு லோரா கருவி, 25 மில்லிவாட் சக்தியில் அனுப்பிய செய்தி 766 கிலோமீட்டர் அப்பால் கேட்கப்பட்டது. இடையில் மறைப்பு இல்லாமையே அதன் காரணம். நம் கிராமங்களில் பஞ்சாயத்தின் மேல்நிலை நீர்த்தொட்டி இதற்குத் தகுந்த இடம். ஊராட்சியின் அனுமதி பெற்று, இடிதாங்கியும் நிலத்தொடர்பும் அமைத்த பின்னரே அங்கே கருவியை ஏற்ற வேண்டும்.

2. கேபிள். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் சென்றால் இவ்வலைவரிசையில் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். தடித்த எல்.எம்.ஆர். 400 கேபிளில் ஏறத்தாழ முக்காற்பங்கு மிஞ்சும். கேட்வேயை ஆன்டெனாவின் அருகிலேயே வைத்துக் கேபிளைக் குறுக்குதல் சிக்கனமானது.

3. இணைப்பும் ஆன்டெனாவும். மழைநீர் இறங்கிய இணைப்பு பலத்தைத் தின்றுவிடும்; மூட்டுகளை நீர் புகாத நாடாவினால் சுற்ற வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா நம் அலைவரிசைக்குப் பொருந்தாது. இரு முனைகளிலும் ஆன்டெனா செங்குத்தாகவே நிற்க வேண்டும்.

இறங்குசெய்தி மட்டும் பலவீனமானால் பார்க்க வேண்டியவை

1. சக்தி அட்டவணை. வயற்கருவிகள் பெரும்பாலும் 25 முதல் 100 மில்லிவாட் வரையிலான சக்தியில் பேசுகின்றன. இந்திய அலைவரிசைக்குரிய லோரா திட்டத்தில் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 1 வாட் வரை இடமுண்டு. ஆகவே கேட்வேயின் குரல் வயற்கருவியின் குரலுக்குக் குறைந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஐரோப்பிய அட்டவணை ஏற்றப்பட்ட கேட்வே, பெரும்பாலான சானல்களில் 25 மில்லிவாட் அளவிலேயே அனுப்பும். கேட்வேயிலும் சர்வரிலும் “இந்தியா 865” என்ற திட்டமே உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆன்டெனாவின் பலத்தை உள்ளதைவிட அதிகமாகக் குறித்துவிட்டாலும், சட்ட எல்லையைக் காக்கும் பொருட்டுக் கருவி தன் சக்தியைத் தானே குறைத்துக் கொள்ளும்.

2. அனுப்பும் பாகத்தின் பழுது. ஆன்டெனா பொருத்தாமல் கேட்வேக்கு மின்சாரம் கொடுத்தல் ஆகாது. அனுப்பும் சக்தி திரும்பிப் பாய்ந்து அனுப்பும் பாகத்தைக் கெடுக்கக்கூடும். கேட்கும் பாகமோ கெடாமல் இருக்கும். அப்போது ஏறுசெய்தி குறைவின்றி வர, இறங்குசெய்தி மட்டும் மங்கும். அதே இடத்தில், அதே ஆன்டெனாவில் மற்றொரு கேட்வேயை மாட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

3. மின்சாரக் குறைவு. கேட்பதற்குச் சிறிது மின்சாரம் போதும். அனுப்புவதற்கு அதிகம் வேண்டும். பலமிழந்த சோலார் பாட்டரியும் நீண்ட மெல்லிய ஒயரும் அனுப்பும் வேளையில் வோல்ட்டேஜைத் தாழ்த்தும். அனுப்பும் அவ்வேளையிலேயே மீட்டரை வைத்து அளக்க வேண்டும்.

4. வயற்கருவியின் காதருகே இரைச்சல். இதுவே மிகவும் அபாயகரமானது. மோட்டார் நிற்கும்போது “ஓடு” என்ற கட்டளை தடையின்றிச் சேரும். மோட்டார் ஓடத் தொடங்கியதும், சோலார் பம்பின் இன்வெர்ட்டரும் மட்டமான பவர் சப்ளைகளும் எழுப்பும் மின்னிரைச்சலில் “நில்” என்ற கட்டளை அமிழ்ந்துவிடக்கூடும். ஆகையால் சோதனையை மோட்டார் நிற்கையில் பத்து முறையும், ஓடுகையில் பத்து முறையும் செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஓடுகையில் மட்டும் தவறினால், ஆன்டெனாவை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெளியே எடுத்து, இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலக்கி நிறுத்த வேண்டும். அதன் கேபிள் மோட்டார் ஒயர்களோடு சேர்ந்து ஓடலாகாது.

பலவீனம் போலத் தோன்றும் வேறு குறைகள்

செய்தி பலவீனமாதல் வேறு; செய்தி காலந்தவறுதல் வேறு. பாட்டரியில் இயங்கும் ஏ வகுப்பு வயற்கருவி எப்போதும் கேட்டுக்கொண்டிராது. தான் ஒரு செய்தி அனுப்பிய பின், சாதாரணமாக 1 விநாடி கழித்து ஒரு முறையும், 2 விநாடி கழித்து மற்றொரு முறையும் சிறிது நேரம் காது கொடுக்கும், பிறகு உறங்கிவிடும். கிராமத்தின் மொபைல் இன்டர்நெட் மந்தமாயிருந்தால் சர்வரின் கட்டளை அதற்குள் கேட்வேக்கு வந்து சேராது. கேட்வேயின் குறிப்பேட்டில் “தாமதம்” என்று பதிவாகியிருந்தால், பரிகாரம் ஆன்டெனாவில் இல்லை. காத்திருக்கும் நேரத்தை 5 விநாடியாக நீட்டுவதில் உள்ளது. இரண்டாவது முறை கேட்பதற்கு இந்தியத் திட்டத்தில் 866.55 மெகாஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டுள்ளது. சர்வரிலும் வயற்கருவியிலும் அவ்வெண் ஒத்திருக்க வேண்டும். லைன் மின்சாரம் உள்ள மோட்டார் கொட்டகைக்கு, இடைவிடாது கேட்கும் சி வகுப்புக் கருவியே தகுதி.

மேலும், கேட்வே அனுப்பும்போது அதற்குக் கேட்க இயலாது. எஸ்.எப். 7 என்ற வேகத்தில் 60 மில்லி விநாடியில் முடியும் ஒரு சிறு செய்தி, எஸ்.எப். 12 என்ற மிக மெதுவான முறையில் ஏறத்தாழ ஒன்றரை விநாடி எடுக்கும். எல்லாக் கருவிகளும் எல்லாச் செய்திக்கும் ரசீது கேட்டால் கேட்வேக்கு ஓய்விராது. ரசீது கேட்பதை மோட்டார், வால்வு சம்பந்தமான செய்திகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

குறிப்புப் புஸ்தகம்

கருவியை அமைத்த அன்றே, குறித்த ஓர் இடத்தில் ஏறுசெய்தியின் பலத்தையும் இறங்குசெய்தியின் பலத்தையும் எழுதி வைக்க வேண்டும். வயற்கருவியை நோக்கிச் சர்வர் நிலைமை விசாரித்தால், பாட்டரியின் அளவையும், அவ்விசாரணை எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதையும் அது பதிலில் தெரிவிக்கும். அவ்வெண்ணே இறங்குசெய்தியின் நாடி. கேட்வேக்கு இரண்டடி தூரத்தில் வைத்துச் சோதித்தல் பயனற்றது. அளவுக்கு மிஞ்சிய பலமும் காதை அடைக்கும். மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்தபின் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்தபின் ஒரு முறையும் அதே இடத்தில் அளந்து எழுதினால், குறை தோன்றும் நாளில் பழைய எண்ணே வழிகாட்டும். பஞ்சாயத்துத் தொட்டியின் மேல் பலருக்கும் பொதுவான கேட்வே இருந்தால், இப்புஸ்தகத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைத்தல் நலம்.

கடைசியாக வற்புறுத்த வேண்டியது ஒன்றுண்டு. மேற்கூறிய குறைகள் யாவும் நீங்கியபோதிலும் கம்பியில்லாச் செய்தி ஒருகால் தவறவே செய்யும். ஆதலின் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை இறங்குசெய்தி ஒன்றிடமே ஒப்படைக்கலாகாது. “ஓடு” என்று கட்டளையிடும்போதே “இத்தனை நிமிஷம்” என்ற வரையறையையும் சேர்த்து அனுப்பி, அக்காலம் முடிந்ததும் வயற்கருவி தானே நிறுத்தும்படி அமைக்க வேண்டும். நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புச் சாதனமும் ஸ்டார்ட்டரிலேயே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள தோட்டத்தில் செய்தி ஓரிரவு தவறினாலும் பயிருக்கும் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் கேடு வராது. குறையை மறுநாட் காலையில் சாவகாசமாகக் கண்டறிந்து திருத்திக் கொள்ளலாம்.