இன்று காப்பகமா, வீடா?

காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குழந்தையின் நெற்றி சுடுகிறது. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மனம் சொல்லும். அந்த மருந்து தாங்குவது நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். மதியம் காய்ச்சல் திரும்பும். அதற்குள் பக்கத்துப் பாயில் படுத்த பிள்ளைக்கும் தொற்றியிருக்கலாம். முடிவெடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. தெர்மாமீட்டர் வையுங்கள்.
100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் வீடுதான். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்புங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

2. வயிற்றைக் கவனியுங்கள்.
வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று இரண்டு நாள் ஆகட்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

3. தோலையும் கண்ணையும் பாருங்கள்.
சின்னம்மையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பது போதாது. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்ட வேண்டும். தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள். தக்காளிக் காய்ச்சலுக்குக் காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் வற்றும்வரை. 'மெட்ராஸ் ஐ' என்றால் பீளை நிற்கும்வரை.

4. வெறும் சளிக்குப் பயப்படாதீர்கள்.
மூக்கு ஒழுகினாலும் காய்ச்சலின்றி, சாப்பிட்டு விளையாடும் குழந்தையைத் தாராளமாக அனுப்பலாம். ஆயாம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காத அளவுக்குச் சோர்ந்திருந்தால் அனுப்ப வேண்டாம். அவர் மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

5. ஆபத்தை அறிந்துகொள்ளுங்கள்.
மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலா உள்ளொடுங்குதல், எதையும் குடிக்க முடியாமை, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

6. மாற்று ஏற்பாட்டை முன்பே பேசிவையுங்கள்.
கணவனும் மனைவியும் மாறி மாறி லீவு எடுப்பதா, பாட்டியை வரச் சொல்வதா என்று குழந்தை நன்றாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். என்ன நோய் என்பதைக் காப்பகத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையோடு அங்கே கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போனால் போகட்டும். காய்ச்சலை மருந்தால் மறைத்து மட்டும் அனுப்பாதீர்கள்.