வண்டி நின்னா தவணையும் நிக்கும்



நம் குழுக்களில் சிலர் கடன் எடுத்து, பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்கி காய்கறி, பால் கேன், செங்கல் என்று வாடகைக்கு ஓட்டுகிறார்கள். வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அது வழியில் நின்றுவிட்டால், "பம்பு போச்சுக்கா, இறக்கணும்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். பம்பை இறக்கி வேலை பார்ப்பது பெரிய செலவு. ஆனால் கோளாறு ஒரு பில்டரிலோ, லூசான கிளிப்பிலோகூட இருக்கலாம். அதனால் செலவு குறைந்ததை முதலில் பார்க்க வேண்டும். பம்பு கடைசி. இதுதான் இந்த மாதப் பாடம்.

டீசல் போகும் பாதை

டேங்கில் இருந்து சின்ன பம்பு டீசலை உறிஞ்சும். பில்டர் அழுக்கையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். பிறகு பெரிய பம்பு அழுத்தம் கொடுத்து நாசில் வழியாக இன்ஜினுக்குள் பீய்ச்சும். சில வண்டிகளில் இந்த வரிசை கொஞ்சம் மாறும்.

அடையாளங்கள்

1. ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கிறதா? பைப்பில் காற்று புகுந்திருக்கலாம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் காத்துதானே வரும்? அதே கதைதான். வெளியே ஒரு சொட்டு டீசல் ஒழுகாமலே உள்ளே காற்று போகும். ஓஸில் வெடிப்பு, கிளிப், வாஷர் மூன்றையும் பாருங்கள். டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், பில்டர் மாற்றிய வண்டியிலும் காற்று நிற்கும்.

2. காலி வண்டி நன்றாக ஓடி, லோடு ஏற்றினால் மேட்டில் திணறுகிறதா? பில்டர் அடைத்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிறதா? அப்படியானால் மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைப்பு.

3. விட்டு விட்டு இழுக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கலாம். பில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கிவிடும்.

4. ஸ்டார்ட் பண்ணும்போது புகையே வரவில்லையா? டீசல் இன்ஜினுக்குப் போகவில்லை. முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா, இன்ஜினை நிறுத்தும் ஒயர் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் புகை வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. ஓடும்போது கரும்புகை கக்கினால் ஏர் பில்டரைப் பாருங்கள்.

காற்று எடுக்கும் முறை

இன்ஜினை நிறுத்துங்கள். பில்டர் மேலே உள்ள காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அழுத்துங்கள். முதலில் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும், அழுத்தியபடியே திருகை இறுக்குங்கள். சிந்தியதைத் துணியால் துடையுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

எச்சரிக்கை: நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பை, இன்ஜின் ஓடும்போது யாரும் தளர்த்தக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தின அளவு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சி.ஆர்.டி.ஐ. வகை வண்டிகளில் டீசல் பைப்பை நாம் தொடவே வேண்டாம்.

பம்பைக் கெடுப்பது எது?

பெரிய பம்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்பு தேய்ந்துவிடும். விலை குறைவு என்று கேனில் வரும் டீசலை ஊற்ற வேண்டாம். மழைக்காலத்தில் டேங்கை ரொம்பக் காலியாக விடாதீர்கள். உள்ளே ஈரம் கோர்க்கும்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

"பில்டர் மாத்திட்டீங்களாண்ணே? காத்து எடுத்துப் பார்த்தீங்களா? தண்ணி இருந்துச்சா?" இந்த மூன்று கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது, வண்டிக்குச் சொந்தக்காரர் நாம். இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் பம்பை இறக்கலாம். அப்போதும் மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:

- நம் வண்டிக்கு பில்டர் கடைசியாக மாற்றிய தேதி நோட்டில் இருக்கிறதா?
- போட்ட டீசல், ஓடிய கிலோமீட்டர் இரண்டையும் தினமும் எழுதுவது யார் பொறுப்பு?
- பெரிய ரிப்பேருக்கு முன் குழுவில் தீர்மானம் போட வேண்டும் என்று முடிவு செய்யலாமா?